உம்வோட்டி பள்ளத்தாக்கில் வாழ்ந்த மூதாதையரைத் தேடி எழுதுவது எப்படி?

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து வடக்கே போனால் குவாடுகூசா. நம் பெரியவர்கள் இன்னும் ஸ்டாங்கர் என்றுதான் சொல்வார்கள். அதன் அருகே கடலில் சேரும் உம்வோட்டி ஆற்றின் பள்ளத்தாக்கிலும், அதை ஒட்டிய மேடுகளிலும் கரும்பு வெட்டியும் தேயிலை பறித்தும் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று பீனிக்ஸிலும் சாட்ஸ்வொர்த்திலும் ஜொஹானஸ்பர்க்கிலும் இருக்கிறார்கள். "நமக்கு இந்தியாவில் எந்த ஊர்?" என்று கேட்டால் பெரும்பாலான வீடுகளில் பதில் இல்லை.

பதில் கிடைக்கும். 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் இருக்கும் நேட்டாலுக்கு வந்த 1,52,184 பேருக்கும் ஆளுக்கொரு எண் கொடுத்துப் பதிவேட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். மூன்றில் இரண்டு பங்கினர் சென்னையில் கப்பல் ஏறியவர்கள். உங்கள் கொள்ளுத்தாத்தாவும் அந்தப் பதிவேட்டில் ஏதோ ஒரு வரியில் இருக்கிறார். அந்த வரிக்கு எப்படிப் போய்ச் சேருவது, கிடைத்ததைக் குடும்பத்தோடு எப்படிப் பகிர்வது என்பதை, இதுவரை ஒரு ஆவணத்தையும் தொடாதவர்களுக்காக எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒன்று. புதிதாகத் தேடுகிறவர்கள் எல்லாரும் குடும்பப் பெயரைத் தட்டித் தேடுகிறார்கள். கப்பல் பட்டியல் என்று சொல்லப்படும் அந்தப் பதிவேட்டில் குடும்பப் பெயரே கிடையாது. ஆளின் பெயர், அப்பாவின் பெயர், அவ்வளவுதான். இன்று நாம் போட்டுக்கொள்ளும் நாயுடு, பிள்ளை, கோவெண்டர், படையாச்சி எல்லாம் பெரும்பாலும் பிறகு வந்து ஒட்டிக்கொண்டவை. பல வீடுகளில் தாத்தாவின் பெயரையே எழுத்தர்கள் குடும்பப் பெயராக்கிவிட்டார்கள். அண்ணன் ஒரு குடும்பப் பெயரோடும் தம்பி வேறொன்றோடும் இருக்கும் குடும்பங்கள் நம்மிடம் நிறைய. ஆகவே இடத்தைப் பிடியுங்கள். எந்தத் தோட்டம், எந்த ஆலை, எந்த பேரக்ஸ் (தொழிலாளர் குடியிருப்பு வரிசை) என்று தெரிந்தால் பெயர் எப்படிச் சிதைந்திருந்தாலும் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம்.

முதல் படி: பெரியவர்களோடு உட்காருங்கள்

ஆவணக் காப்பகம் அடுத்த வருடமும் திறந்திருக்கும். எண்பது வயது ஆயா இருப்பாரா என்று சொல்ல முடியாது. அதனால் இதுதான் முதல் வேலை.

போனில் குரல் பதிவை ஓட விட்டுவிட்டு, அவர்கள் அனுமதியோடு, மெதுவாகப் பேச்சைத் தொடங்குங்கள். "நம்ம ஊர் எது?" என்று நேராகக் கேட்டால் "தெரியாதுப்பா" என்று முடிந்துவிடும். இடத்தையும் வேலையையும் பற்றிக் கேளுங்கள். "ஆயா, நீங்க சின்னப் பிள்ளையா இருந்தப்போ தண்ணி எங்கேருந்து எடுத்து வந்தீங்க?" "தாத்தா எந்த ஆலைக்குப் போனாரு? சர்தார், அதாவது மேஸ்திரி, யாரு?" "பக்கத்து வீட்டில யார் இருந்தாங்க?" இப்படிக் கேட்டால் ஆற்றின் பெயர், தோட்டத்துக்காரர் பெயர், கூட இருந்த நாலு குடும்பங்களின் பெயர் எல்லாம் தானாக வெளியே வரும். கிளெண்டேல், கியர்ஸ்னி, டார்னல், டின்லி மேனர் என்று எந்த இடப்பெயர் காதில் விழுந்தாலும் குறித்துக்கொள்ளுங்கள். கியர்ஸ்னியில் தேயிலை என்று சொன்னால் அது லீஜ் ஹியூலெட்டின் தோட்டம். அவர் 1870களின் கடைசியில் அங்கே தேயிலை போட்டார், பிறகு கரும்பாலைகளுக்குப் போனார். கப்பல் பட்டியலில் முதலாளி பெயருக்கான பத்தியில் இந்தப் பெயரைத்தான் நீங்கள் தேடப் போகிறீர்கள்.

அப்புறம் சாமியைப் பற்றிக் கேளுங்கள். வீட்டில் வருடத்துக்கு ஒருமுறை எந்தத் தெய்வத்துக்குப் படையல் போட்டார்கள்? கெங்கையம்மனா, திரௌபதியம்மனா, அங்காளம்மனா, மதுரை வீரனா? கெங்கையம்மன் வழிபாடு வேலூர், குடியாத்தம், சித்தூர்ப் பக்கம் பலமானது. திரௌபதியம்மனும் மேல்மலையனூர் அங்காளம்மனும் செஞ்சி, விழுப்புரம் வட்டாரத்தை நினைவுபடுத்துவார்கள். இது சாட்சியம் ஆகாது. இங்கே வந்தபின் பக்கத்து வீட்டைப் பார்த்து எடுத்துக்கொண்ட சாமியாகவும் இருக்கலாம். ஆனால் பின்னால் இரண்டு ஊர்களில் எது நம் ஊர் என்று தயங்கி நிற்கும்போது இந்தக் குறிப்பு கைகொடுக்கும்.

ஒருவரிடம் மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள். பெரியம்மா ஒன்று சொல்வார், மாமா வேறொன்று சொல்வார். இரண்டையும் யார் சொன்னது என்ற குறிப்போடு அப்படியே எழுதுங்கள். எது சரி என்று பிறகு பார்க்கலாம்.

இரண்டாம் படி: வீட்டுக் காகிதங்கள்

பீரோவின் அடித்தட்டு, தகரப் பெட்டி, சாமி அறைப் பலகை, எல்லாவற்றையும் பாருங்கள். நமக்கு வேண்டியது அந்த எண். கொலோனியல் நம்பர் என்று பெரியவர்கள் சொல்வது அதுதான். ஒப்பந்தம் முடிந்த சான்றிதழிலும் பாஸிலும் திருமணப் பதிவிலும் அது இருக்கும். மூணு பவுன் வரிக்கான உரிமச் சீட்டிலும் இருக்கும். 1895ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் ஒப்பந்தத்தில் வந்தவர்கள், ஒப்பந்தம் முடிந்தும் இங்கேயே தங்க வேண்டுமானால் வருடம் மூன்று பவுன் கட்ட வேண்டியிருந்தது. 1914இல்தான் அந்த வரி ஒழிந்தது. எவ்வளவு கண்ணீர் சிந்திக் கட்டிய பணம் அது! அந்தச் சீட்டு கிழிந்திருந்தாலும் தயவு செய்து தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

எண் கிடைத்துவிட்டால் மூன்றாம் படியைத் தாண்டி நேரே நான்காம் படிக்குப் போகலாம்.

கிடைக்காதவர்கள் ஹோம் அஃபேர்ஸ் (உள்துறை) அலுவலகத்தில் தாத்தா, பாட்டியின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகளைக் கேளுங்கள். சுருக்கச் சான்றிதழ் போதாது. பெற்றோர் விவரம் உள்ள முழுச் சான்றிதழ் வேண்டும். மூலப் பதிவேட்டுப் பக்கத்தின் நகலான வால்ட் காப்பி கிடைத்தால் இன்னும் நல்லது.

இங்கே ஒரு சிக்கல் வரும். கோவிலிலோ வீட்டிலோ தாலி கட்டிய கல்யாணத்தைப் பதிவு செய்யாவிட்டால் அரசாங்கம் அதைக் கல்யாணமாகவே ஏற்றுக்கொள்ளவில்லை. அதனால் முறையாகக் கல்யாணம் செய்தவர்களின் பிள்ளைகளும் அம்மாவின் பெயரில் பதிவாகியிருப்பார்கள், அப்பா பெயருக்கான இடம் காலியாக இருக்கும். அதைப் பார்த்து அதிர்ச்சி அடைய வேண்டாம். பாட்டியின் பெயரிலும் ஒருமுறை தேடிப் பாருங்கள்.

மூன்றாம் படி: பீட்டர்மரிட்ஸ்பர்க் காப்பகம்

இறந்தவரின் சொத்து விவகாரக் கோப்பில் மரண அறிவிப்பு என்று ஒரு படிவம் இருக்கும். பெற்றோர் பெயர், பிறந்த இடம், மனைவி, பிள்ளைகள் எல்லாரின் பெயரும் அந்த ஒரே தாளில் வந்துவிடும். கொஞ்சம் நிலமோ கடையோ சேமிப்போ வைத்திருந்தவர்களுக்குத்தான் இந்தக் கோப்பு இருக்கும். தேட வேண்டிய இடம் நார்ஸ் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் தேசியக் காப்பகத்தின் இணையத் தேடல். அதில் கோப்பின் தலைப்பும் எண்ணும் மட்டும் தெரியும். கோப்பைப் பார்க்கக் காப்பகத்துக்குப் போக வேண்டும், அல்லது நகல் கேட்டு எழுத வேண்டும். போவதானால் முன்கூட்டியே தொலைபேசியில் விசாரித்துவிட்டு, அடையாள அட்டையும் பென்சிலும் எடுத்துக்கொண்டு போங்கள்.

பெயரை ஆங்கிலக் காதால் கேட்டது போல எழுதித் தேடுங்கள். முனுசாமி மூன்சாமி ஆகியிருப்பார், முன்சாமி ஆகியிருப்பார். ஆறுமுகம், குப்புசாமி, ரங்கசாமி எல்லாரும் இப்படித்தான் நாலைந்து உருவம் எடுத்திருப்பார்கள். நினைத்துப் பார்க்க முடிந்த எல்லா எழுத்துக்கூட்டலையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போடுங்கள்.

ஒப்பந்தக் கூலிகளைக் கவனிக்க அரசு நியமித்த அதிகாரியான இந்தியக் குடியேறிகள் பாதுகாவலரின் அலுவலகக் கடிதங்களும் இதே காப்பகத்தில்தான் இருக்கின்றன. கூலி தரவில்லை, அரிசி குறைத்தார்கள், சர்தார் அடித்தான் என்று நம் ஆட்கள் கொடுத்த புகார்கள் அதில் உண்டு. எழுதப் படிக்கத் தெரியாத அந்த மனிதர்களின் குரல் காகிதத்தில் வேறு எங்குமே இவ்வளவு நெருக்கமாக இல்லை. உங்கள் குடும்பத்தின் புகார் இல்லாவிட்டாலும், அதே தோட்டத்திலிருந்து வந்த புகார்களைப் படியுங்கள். அவர்கள் என்ன சாப்பிட்டார்கள், எத்தனை மணிக்கு எழுந்தார்கள் என்று அப்போதுதான் புரியும்.

ஃபேமிலிசர்ச் என்ற இணையதளத்திலும் நேட்டாலின் பழைய குடிமைப் பதிவேடுகள் படங்களாக இருக்கின்றன. கணக்குத் தொடங்க வேண்டும், கட்டணம் இல்லை.

நான்காம் படி: கப்பல் பட்டியல்

மூலப் பதிவேடுகள் டர்பன் காப்பகத்தில் இருக்கின்றன. குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் உள்ள காந்தி-லுத்துலி ஆவண மையத்திலும் இந்தப் பட்டியலைப் பார்க்கலாம். தட்டச்சு செய்த பட்டியல் கணினிக் கோப்பாகவும் கிடைக்கிறது, வீட்டிலிருந்தே தொடங்கிவிடலாம். ஆனால் தட்டச்சில் பிழைகள் உண்டு. முடிவு செய்வதற்கு முன் மூலப் பக்கத்தின் படத்தைப் பார்த்தே ஆக வேண்டும்.

ஒரு வரியில் இவ்வளவும் இருக்கும்: எண், கப்பல், பெயர், அப்பா பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள அடையாளம், முதலாளி, பிற்குறிப்பு. இடது கன்னத்தில் தழும்பு என்று எழுதியிருப்பதைப் படிக்கும்போது பலருக்கும் கை நடுங்கும். புகைப்படமே இல்லாத ஒரு மனிதரின் முகத்தைப் பற்றி நமக்குக் கிடைக்கும் ஒரே செய்தி அது.

எண் தெரிந்தவர்களுக்கு வேலை சுலபம். எண்கள் வரிசையாகவே ஓடுகின்றன. 1860 நவம்பர் 16 அன்று டர்பன் வந்து சேர்ந்த ட்ரூரோ கப்பலிலிருந்து வரிசை தொடங்குகிறது. 1866க்கும் 1874க்கும் இடையே கப்பல் வரவில்லை. 1911 ஜூலையில் உம்லாசி என்ற கப்பலோடு வரிசை முடிகிறது. உங்கள் எண் சிறியதா பெரியதா என்பதை வைத்தே எந்தக் காலம் என்று ஓரளவு ஊகிக்கலாம். கண்டுபிடித்ததும் அந்த ஒரு வரியோடு நின்றுவிடாதீர்கள். மேலே இருபது வரி, கீழே இருபது வரி படியுங்கள். ஒரே குடும்பத்தார் பெரும்பாலும் அடுத்தடுத்த எண்களில் இருப்பார்கள். ஒரே கிராமத்திலிருந்து சேர்ந்து வந்தவர்களும் அப்படியே. ஆயா சொன்ன பக்கத்து வீட்டுப் பெயர் அங்கே எட்டிப் பார்த்தால் நீங்கள் சரியான பக்கத்தில் நிற்கிறீர்கள்.

எண் தெரியாதவர்கள் இப்படிச் செய்யுங்கள். தட்டச்சுப் பட்டியலில் முதலாளி பத்தியைத் தோட்டக்காரர் பெயரால் வடிகட்டுங்கள். பிறகு சென்னைக் கப்பல்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மூத்த பிள்ளை பிறந்த வருடத்தைக் கணக்கிட்டு அதற்கு முந்தைய பத்துப் பதினைந்து வருடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது மிஞ்சியிருப்பது படிக்கக்கூடிய அளவில் இருக்கும். வரி வரியாக வாய்விட்டுப் படியுங்கள். கண்ணுக்கு விசித்திரமாகத் தெரியும் எழுத்துக்கூட்டல் காதுக்குத் தெளிவான தமிழ்ப் பெயராகக் கேட்கும். பெயரோடு அப்பாவின் பெயரும் மனைவியின் பெயரும் பொருந்தினால்தான் ஏற்றுக்கொள்ளுங்கள். ஒரு பெயர் மட்டும் பொருந்துவதை நம்ப வேண்டாம். வயதை நான்கைந்து வருடம் முன்பின்னாக வைத்துக்கொள்ளுங்கள், பார்த்து ஊகித்து எழுதிய வயது அது.

முதலாளி பத்தியில் வேறு பெயர் இருந்தாலும் தள்ளிவிடாதீர்கள். அது முதலில் அனுப்பப்பட்ட இடம்தான். ஐந்து வருட ஒப்பந்தம் முடிந்து வேறு தோட்டத்துக்கோ ரயில்வேக்கோ போய், பிறகு பள்ளத்தாக்குக்கு வந்தவர்களும் உண்டு. பிற்குறிப்பில் இறந்தார் என்றோ ஊர் திரும்பினார் என்றோ இருந்தால் அவர் உங்கள் ஆள்தானா என்று மறுபடி யோசியுங்கள்.

பெண்களைத் தனியாகத் தேட வேண்டும், இதை நான் வற்புறுத்திச் சொல்கிறேன். நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் என்ற விகிதத்தில் கப்பல்கள் வந்தன. பலர் தனியாக வந்தார்கள், சிலர் கைக்குழந்தையோடு. நம் குடும்ப மரங்களில் தாத்தாவின் கிளை மட்டும் கடல் தாண்டிப் போகிறது, பாட்டி இங்கேயே முளைத்தவர் போல நின்றுவிடுகிறார். அவருக்கும் ஒரு எண் உண்டு, அப்பா உண்டு, ஊர் உண்டு. பெரும்பாலும் அது தாத்தாவின் ஊராக இருக்காது.

ஐந்தாம் படி: இன்றைய வரைபடத்தில் அந்த ஊர்

பட்டியலில் இருக்கும் ஜில்லாக்கள் இன்றைய மாவட்டங்கள் இல்லை. வட ஆர்க்காடு என்றால் இன்றைய வேலூர், ராணிப்பேட்டை, ஆரணி, போளூர், வந்தவாசிப் பக்கங்களோடு ஆந்திராவின் சித்தூரும் சேர்ந்தது. 1911 வரை அதன் தலைநகரமே சித்தூர்தான். திருவண்ணாமலைத் தாலுகா அப்போது தென் ஆர்க்காட்டில் இருந்தது, திருப்பத்தூர் சேலத்தில் இருந்தது. சேலம் ஜில்லா என்றால் தர்மபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல் எல்லாம் அடக்கம். செங்கல்பட்டு என்றால் காஞ்சிபுரமும் திருவள்ளூரும் அதற்குள்.

கிராமத்தின் பெயரைவிடத் தாலுகாவை முதலில் உறுதி செய்யுங்கள். நல்லூரும் புத்தூரும் எல்லா ஜில்லாவிலும் இருக்கும். தாலுகா தெரிந்தபின் அந்தப் பகுதியில் பிறந்த ஒருவரிடம் பட்டியலில் உள்ள எழுத்துக்கூட்டலைச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். நாம் மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டதை அவர் ஒரு நொடியில் சொல்லிவிடுவார். நேரில் போக முடிந்தால் பஞ்சாயத்து அலுவலகத்திலும் கோவில் பூசாரியிடமும் தொடங்குங்கள். நிலம் கேட்டு வரவில்லை, பார்த்துவிட்டுப் போகத்தான் வந்தோம் என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அதன் பிறகு பேச்சு இயல்பாகும்.

ஆறாம் படி: பள்ளத்தாக்குக்குப் போங்கள்

காகிதம் முடிந்த பிறகு மண்ணைப் பார்க்க வேண்டும். பேரக்ஸ் இருந்த இடம் பெரும்பாலும் இப்போது கரும்பாக இருக்கும், தனியார் நிலமாகவும் இருக்கும். முதலில் அனுமதி வாங்குங்கள். உள்ளூர் ஸுலுப் பெரியவர் ஒருவரோடு போங்கள். பழைய கல்லறைகள், கோவில் இருந்த மரத்தடி எல்லாம் அவர்களுக்கு நன்றாகத் தெரியும், அவர்களின் தாத்தாக்கள் நம் தாத்தாக்களோடு வேலை செய்தவர்கள். கரும்புக்குள் பாம்பு உண்டு, மூடிய காலணி போட்டுக்கொள்ளுங்கள்.

கல்லறைக் கல்லைக் காலை வெயிலில் பக்கவாட்டிலிருந்து படம் எடுத்தால் தேய்ந்த எழுத்தும் தெரியும். கம்பித் தூரிகை, சுண்ணாம்பு, அமிலம் எதுவும் வேண்டாம், தண்ணீரும் மென்மையான பிரஷ்ஷும் போதும். நகராட்சி மயானத்துக்கு வெளியே இருக்கும் அறுபது ஆண்டுக்கு மேற்பட்ட கல்லறைகளை அனுமதியில்லாமல் மாற்றவோ நகர்த்தவோ சட்டம் இடம் தராது. நல்லெண்ணத்தோடு புதுக் கல் வைப்பதற்கும் இது பொருந்தும், விசாரித்துவிட்டுச் செய்யுங்கள்.

சில பழைய கற்களில் தமிழ் வருடப் பெயர் மட்டும் இருக்கும். அறுபது வருடச் சுழற்சி என்பதால் கணக்குப் போடலாம். பிரபவ என்றால் 1867-68 அல்லது 1927-28. விகிர்தி என்றால் 1890-91 அல்லது 1950-51. சாதாரண என்றால் 1910-11 அல்லது 1970-71. இரண்டில் எது என்பதை மற்ற தகவல்கள் சொல்லிவிடும்.

பலருக்குக் கல்லே இல்லை. அந்த இடத்தின் படத்தையும் வரைபடப் புள்ளியையும் குறித்துக்கொண்டு வந்தால் போதும்.

ஏழாம் படி: எழுதி வைப்பது

குடும்ப மரம் போட உதவும் கிராம்ப்ஸ் போன்ற இலவச மென்பொருள் போதும், நோட்டுப் புத்தகமும் போதும். ஒவ்வொரு தகவலுக்கும் அருகே அது எங்கிருந்து வந்தது என்று எழுதுங்கள். பெயரைப் பதிவேட்டில் உள்ளபடி ஒருமுறை, தமிழில் ஒருமுறை எழுதுங்கள். நம் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தமிழ் படிக்க வராது என்பதால் கதையை ஆங்கிலத்தில் எழுதினாலும், பெயரும் ஊரும் தமிழ் எழுத்தில் கட்டாயம் இருக்கட்டும்.

எட்டாம் படி: பகிர்வது

எல்லாவற்றையும் இணையத்தில் போட்டுவிட வேண்டும் என்ற ஆசை வரும். உயிரோடு இருப்பவர்களின் பிறந்த தேதி, அடையாள எண், முகவரி எதையும் போடாதீர்கள்.

சாதிப் பத்தியைப் பற்றிக் கேட்பார்கள். மூலப் பக்கத்தின் படத்தில் அது இருக்கும், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் குடும்பப் புத்தகத்தில் அதைத் தனித் தலைப்பாக்கிப் பேசுவதை நான் ஏற்க மாட்டேன். கப்பலில் ஒரே பானைச் சோறு சாப்பிட்டவர்கள், ஒரே பேரக்ஸில் பிள்ளை பெற்றவர்கள், பிறகு சம்பந்தம் செய்துகொண்டவர்கள். பதிவின்போதே மாற்றிச் சொன்னவர்களும் உண்டு. அந்தப் பத்தியை வைத்து இன்று யாரையும் உயர்த்தவோ தாழ்த்தவோ கூடாது.

சிறைவாசம், தற்கொலை, கைவிடப்பட்ட மனைவி என்று கனமான செய்திகளும் கோப்புகளில் வரும். அதை முதலில் அந்தக் கிளையின் மூத்தவரிடம் தனியாகச் சொல்லுங்கள். அவர் வேண்டாம் என்றால் புத்தகத்தில் சேர்க்காமல் விடுங்கள், உங்கள் கோப்பில் வைத்திருங்கள்.

பகிர்வதற்கு நல்ல நேரம் குடும்பம் கூடும் நாள்தான். தாத்தாவின் திதி அன்றோ ஆடிக் கூழ் ஊற்றும் நாளிலோ பெரிய தாளில் மரத்தை அச்சடித்துச் சுவரில் ஒட்டி, பக்கத்தில் பேனாவைக் கட்டித் தொங்க விடுங்கள். அத்தைமார் வந்து திருத்துவார்கள், விட்டுப்போன பிள்ளைகளைச் சேர்ப்பார்கள். அந்தத் திருத்தங்களோடு சுருள் கம்பி போட்டுப் புத்தகமாக்கி வீட்டுக்கு ஒன்று கொடுங்கள். ஒரு பிரதி டர்பனில் உள்ள 1860 பாரம்பரிய மையத்துக்கு, ஒன்று குவாடுகூசா நூலகத்துக்கு, ஒன்று நீங்கள் தேடிய பள்ளத்தாக்கில் இன்னும் வாழும் குடும்பத்துக்கு. கப்பல் பட்டியலில் உங்கள் வரிக்கு மேலும் கீழும் இருந்தவர்களின் வாரிசுகளை அடையாளம் தெரிந்தால், அந்தப் பக்கத்தின் நகலை அவர்களுக்கும் அனுப்புங்கள். கடைசிப் பக்கத்தில் உங்கள் மின்னஞ்சலையும், இன்னும் விடை தெரியாத கேள்விகளின் பட்டியலையும் போடுங்கள். எந்தப் பாட்டியின் எண் இன்னும் கிடைக்கவில்லை, எந்தக் கிராமம் உறுதியாகவில்லை என்று தெளிவாக எழுதியிருந்தால், யாராவது ஒருவர் தன் வீட்டுத் தகரப் பெட்டியைத் திறந்து பார்ப்பார்.